குரலுக்கு யார் சொந்தக்காரர்? இணையவழிப் பேச்சின் கதை

ஏர்டெல் எண்ணில் இருந்து பி.எஸ்.என்.எல். எண்ணுக்குப் பேச முடிகிறது. சென்னையில் இருந்து சிங்கப்பூருக்கு, எந்த நிறுவனத்தின் இணைப்பாக இருந்தாலும், எண்ணை அழுத்தினால் மணி அடிக்கிறது. ஆனால் வாட்ஸ்அப்பில் இருந்து ஃபேஸ்டைமுக்கு அழைத்துப் பார்த்தால்? முடியாது! நூறு வருடப் பழைய தொலைபேசியால் முடிந்தது புத்தம்புது செயலிகளால் ஏன் முடியவில்லை? இந்தக் கேள்விக்கான பதில் தொழில்நுட்பத்தில் இல்லை, வரலாற்றில் இருக்கிறது.

பழைய பூட்டு

பழைய தொலைபேசி மட்டும் சுதந்திரமாகவா இருந்தது? அமெரிக்காவில் ஏ.டி. அண்ட் டி. நிறுவனத்தின் கம்பியில் வேறு யாருடைய கருவியையும் மாட்டக் கூடாது என்பது விதி. 'ஹஷ்-எ-ஃபோன்' என்று ஒரு சின்னக் குப்பி. பேசுவது பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காமல் இருக்க, வாய் வைத்துப் பேசும் இடத்தில் அதை மாட்டிக்கொள்வார்கள். மின்சாரம் கிடையாது, கம்பி கிடையாது. அதைக்கூட மாட்டக் கூடாது என்று வழக்கு நடந்து, 1956-ல் நீதிமன்றம்தான் அனுமதித்தது. டெக்சாஸைச் சேர்ந்த தாமஸ் கார்ட்டர், வானொலிக் கருவியைத் தொலைபேசியோடு இணைக்க 'கார்ட்டர்ஃபோன்' என்ற கருவியைச் செய்தார். அவரும் போராட வேண்டியிருந்தது. 1968-ல் அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. வெளியார் செய்த மோடத்தைத் தொலைபேசிக் கம்பியில் மாட்ட வழி திறந்ததும் அந்தத் தீர்ப்புதான்.

பொட்டலமாகும் பேச்சு

பழைய தொலைபேசியில் ஒருவர் பேசும் நேரம் முழுக்க ஒரு தனிப் பாதை அவருக்காகவே ஒதுக்கப்படும். இரண்டு பேரும் மௌனமாக இருந்தாலும் பாதை அவர்களுடையதுதான். இணையத்தில் அப்படி இல்லை. குரலை மிகச் சிறு துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றின் மேலும் முகவரி எழுதி அனுப்புகிறார்கள். அவை வெவ்வேறு பாதைகளில் போய், மறுமுனையில் வரிசையாகச் சேர்ந்து மறுபடி குரலாகின்றன. ஒரு துண்டு தாமதமானால் பேச்சு விட்டு விட்டுக் கேட்கும்.

இது முடியும் என்று முதலில் காட்டியவர்களில் முக்கியமானவர் டேனி கோஹன். 1974 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் தகவல் அறிவியல் நிறுவனத்துக்கும் மாசசூசெட்ஸின் லிங்கன் ஆய்வகத்துக்கும் இடையே, இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் வழியாகக் குரல் போய் வந்தது. அதற்கான நெறிமுறையை மூடி வைக்கவில்லை. 1977-ல் யாரும் படிக்கும்படி வெளியிட்டார்கள்.

வீட்டுக் கணினிக்கு இது வந்தது 1995-ல். இஸ்ரேலைச் சேர்ந்த வோகல்டெக் நிறுவனம் 'இன்டர்நெட் ஃபோன்' என்ற மென்பொருளை வெளியிட்டது. ஒலி அட்டை, மைக், மோடம் இருந்தால் போதும். தொடக்கத்தில் ஒருவர் பேசி முடித்த பிறகுதான் மற்றவர் பேச முடியும். கண்டம் விட்டுக் கண்டம் பேசுவதற்குத் தனிக் கட்டணம் இல்லை என்பதால் அந்தக் குறை பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் இரண்டு பக்கமும் ஒரே மென்பொருள் வேண்டும். பின்னால் வரப்போகும் சிக்கலின் விதை இங்கேயே விழுந்துவிட்டது.

மின்னஞ்சல் போல ஒரு தொலைபேசி

யாஹூ முகவரியில் இருந்து ஜிமெயில் முகவரிக்குக் கடிதம் போகிறது. பேச்சும் அப்படிப் போனால் என்ன? இந்த எண்ணத்தில் பிறந்ததுதான் எஸ்.ஐ.பி. என்ற திறந்த நெறிமுறை. ஹென்னிங் ஷுல்ஸ்ரின், மார்க் ஹேண்ட்லி முதலியோர் உருவாக்கிய இது 1999-ல் வெளியானது. 2002-ல் திருத்திய பதிப்பு வந்தது. இதில் ஒருவரின் முகவரி மின்னஞ்சல் முகவரி போலவே இருக்கும். 'பேச வா' என்று ஓர் அழைப்பு, 'மணி அடிக்கிறது' என்று ஒரு பதில், எடுத்தால் 'சரி', முடிந்தால் 'போய் வருகிறேன்'. எல்லாம் கண்ணால் படிக்கக்கூடிய எழுத்துகள்!

இதே காலத்தில் மாணவர்கள் களத்தில் இறங்கினார்கள். அமெரிக்காவில் ஆபர்ன் பல்கலைக்கழக மாணவர் மார்க் ஸ்பென்சர் 1999-ல் ஒரு சிறு நிறுவனம் தொடங்கினார். அதற்கு ஒரு தொலைபேசி இணைப்பகம் வேண்டும். விலையோ கட்டுப்படியாகவில்லை. சாதாரணக் கணினியிலேயே ஓடும் இணைப்பகத்தை அவரே எழுதினார். அதுதான் 'ஆஸ்டெரிஸ்க்'. கட்டற்ற மென்பொருளாக அதை வெளியிட்டார். அலுவலகங்களும் கால் சென்டர்களும் அதை எடுத்துக்கொண்டன. பெல்ஜியத்தில் டாமியன் சாண்ட்ராஸ் பட்டப் படிப்புக்கான திட்டப்பணியாகத் தொடங்கியது பின்னாளில் 'எகிகா' ஆனது. பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் எமில் இவோவ் 2003-ல் மாணவராகத் தொடங்கியது 'ஜிட்சி' ஆனது. 2020 ஊரடங்கில் பலர் கூட்டம் நடத்தியது அதில்தான்.

ஸ்கைப் ஏன் வென்றது?

2003 ஆகஸ்டில் ஸ்கைப் வந்தது. ஸ்வீடனின் நிக்லாஸ் சென்ஸ்ட்ரோம், டென்மார்க்கின் யானுஸ் ஃப்ரீஸ் இருவரும் எஸ்தோனிய நிரலாளர்களோடு சேர்ந்து உருவாக்கியது. அதன் நெறிமுறை ரகசியம். வேறு எந்த மென்பொருளும் அதோடு பேச முடியாது. இருந்தும் திறந்த வழிகளை அது ஓரம் கட்டியது. காரணம் எளிது. வீட்டு ரௌட்டருக்கும் கல்லூரி ஃபயர்வாலுக்கும் பின்னால் இருந்த கணினிகளில் எஸ்.ஐ.பி. தடுமாறியது. மணி அடிக்கும், குரல் கேட்காது! ஸ்கைப்பை நிறுவினால் உடனே பேசலாம். சாதாரண மக்களுக்கு வேண்டியது கொள்கை இல்லை, குரல்.

கூகுள் டாக் 2005-ல் திறந்த எக்ஸ்.எம்.பி.பி. நெறிமுறையோடு வந்தது. 2006-ல் மற்ற வழங்கிகளுக்கும் கதவைத் திறந்தது. 2013-ல் அதன் இடத்துக்கு வந்த ஹேங்கவுட்ஸ் அந்தக் கதவை மூடிவிட்டது. ஃபேஸ்டைமைத் திறந்த தரமாக்குவோம் என்று 2010-ல் மேடையில் அறிவித்தார் ஸ்டீவ் ஜாப்ஸ். அது நடக்கவே இல்லை.

இந்தியாவின் கதை

இங்கே பூட்டுப் போட்டது அரசு. வெளிநாட்டு அழைப்புகள் 2002 வரை வி.எஸ்.என்.எல். நிறுவனத்தின் கையில் மட்டுமே இருந்தன. எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி. பூத்தில் மீட்டர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே பேசிய காலம் அது. 2002 ஏப்ரல் 1 முதல் இணையப் பேச்சுக்கு அனுமதி கிடைத்தது, அரைகுறையாக. கணினியில் இருந்து வெளிநாட்டுத் தொலைபேசிக்குப் பேசலாம். உள்நாட்டுத் தொலைபேசிக்குக் கூடாது! துபாயில் இருக்கும் மகனின் தொலைபேசி எண்ணைக் கணினியில் இருந்து அழைக்கலாம், பக்கத்துத் தெரு எண்ணை அழைக்கக் கூடாது. அந்த மகன் திரும்ப அழைப்பதும் சுலபமில்லை. அமீரகத்தில் அனுமதி பெறாத இணைய அழைப்புகளைப் பல ஆண்டுகள் முடக்கி வைத்திருந்தார்கள். இந்தியாவில் இந்தத் தடை தளர்ந்தது 2018-ல்தான்.

தோற்றது யார்?

ஸ்கைப்பை 2005-ல் ஈபே வாங்கியது. 2011-ல் மைக்ரோசாஃப்ட் 850 கோடி டாலருக்கு வாங்கியது. 2025 மே 5 அன்று மூடியது. பல வருடமாகச் சேர்த்த தொடர்புகளை வைத்துக்கொண்டு வேறு வீடு தேட வேண்டிய நிலை பயனர்களுக்கு. ரகசிய நெறிமுறை என்பதால் வேறொருவர் அதே சேவையைத் தொடர்ந்து நடத்தவும் வழியில்லை.

எஸ்.ஐ.பி. என்ன ஆனது? சாகவில்லை. 4ஜி கைபேசியில் வோல்டி முறையில் பேசும்போது அழைப்பை இணைப்பது எஸ்.ஐ.பி.தான். 2016-ல் ஜியோ தன் குரல் சேவை முழுவதையும் வோல்டியின் மேல்தான் கட்டியது. குரலைச் சுருக்கும் 'ஓபஸ்' 2012-ல் திறந்த தரமானது. அதில் ஸ்கைப் கொடுத்த நுட்பமும் கலந்திருக்கிறது. உலாவியிலேயே பேச உதவும் வெப்ஆர்டிசி 2011-ல் மூலநிரலோடு வெளியாகி, 2021-ல் முழுத் தரமானது.

ஆக, திறந்த நுட்பம் தோற்கவில்லை. சுவருக்குள் செங்கலாக இருக்கிறது. ஆனால் கதவின் சாவி இன்னும் நிறுவனங்களிடம்தான். அன்று கம்பிக்குச் சொந்தக்காரர் ஒருவர் இருந்தார், ஆனாலும் எந்த ஊர் எண்ணையும் அழைக்க முடிந்தது. இன்று கம்பி யாருக்கும் பொது, அழைக்கும் பட்டியல் மட்டும் தனியார் சொத்து. ஒரு குப்பியை மாட்டுவதற்கே நீதிமன்றம் போக வேண்டியிருந்தது என்பதை நினைத்தால், இந்தக் கதவும் கேட்காமல் திறக்காது.