முன்னணையும் நம் தீர்மானங்களும்

1223ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள், அசிசி நகர்ப் பிரான்சிஸ் தம் துறவுச் சங்கத்திற்கு வகுத்த ஒழுங்குவிதிக்குப் போப்பு மூன்றாம் ஹொனோரியஸ் ஒப்புதல் அளித்தார். உடைமையின்றி வாழ்தல் என்னும் இலக்கு அதில் எழுத்தாகப் பதிந்தது. ஒரு மாதம் கழியுமுன், கிறிஸ்து பிறப்பின் இரவில், இத்தாலியின் கிரெச்சியோ என்னும் சிற்றூரில் முன்னணையும் வைக்கோலும் மாடும் கழுதையும் ஆயத்தம்பண்ணச் செய்தார். பாலகன் பட்ட குறைவுகளைக் கண்ணாரக் காண விரும்பியே இவ்வாறு செய்தார் என்று அவரது சரிதையை எழுதிய செலானோ தோமா கூறுகிறார். பிரான்சிஸ் உதவிக்குருவாக நின்று சுவிசேஷத்தைப் பாடிப் பிரசங்கித்தார். மூன்றாண்டுகளுக்குப்பின், 1226இல், மரணவேளையிலும் தம்மை வெறுந்தரையில் கிடத்தும்படி கேட்டுக்கொண்டார். அவர் இலக்கு முன்னணையைவிட்டு விலகவில்லை.

பண்டிகைக் காலத்தில் நாமும் தீர்மானங்கள் செய்கிறோம். அதிக ஜெபம், அதிக வேதவாசிப்பு, அதிக ஊழியம் என அவை பெரும்பாலும் மேலேறும் படிகளாகவே அமைகின்றன. முன்னணையோ தம்மைத்தாமே வெறுமையாக்கி இறங்கிவந்தவரைக் காட்டுகிறது (பிலிப்பியர் 2:7). ஆகவே எதைக் கூட்டிக்கொள்வோம் என்று எண்ணுமுன், எதை விட்டுவிட்டு, யாரண்டை இறங்கிச் செல்வோம் என்று நம்மை நாமே ஆராய்வது நலம். இத்தீர்மானம் கிருபையைச் சம்பாதிக்கும் வழியன்று. நம்மைத் தேடிவந்த கிருபைக்கு நாம் செலுத்தும் மறுமொழியே.