முப்பது பவுண்டு காற்று

தூத்துக்குடியில் பனி கொட்டி யாரும் பார்த்ததில்லை. பார்க்கப் போவதுமில்லை. ஆனால், அந்த ஊர்க்காரர்கள் தங்கள் தாயாகக் கொண்டாடுவது பனிமய மாதாவை! ரோம் நகரில் கடுங்கோடையில் ஒரு குன்றின் மேல் பனி விழுந்ததாக ஒரு பழைய கதை உண்டு. அதிலிருந்து வந்த பெயர். ஆகஸ்ட் 5-ம் தேதி திருவிழா. உப்பளங்களில் வெயில் பட்டுக் கண் கூசுகிற மாதம்.

அந்த ஊரில் பிறந்த நண்பர் ஒருவர் இப்போது கனடாவில், மாண்ட்ரியலில் இருக்கிறார். அவருடைய தாத்தா சங்கு குளித்தவர். ஒரு நவம்பர் மாதம் நண்பரிடமிருந்து போன்.

''அண்ணாச்சி, நாலு வீலையும் நானே கழட்டி மாட்டிட்டேன். எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா, வண்டில ஒரு மஞ்ச விளக்கு எரியுது, அணையவே மாட்டேங்குது!''

எனக்கு சைக்கிளுக்கு பங்ச்சர் ஒட்டவே வராது. ஆனாலும், சரித்திரம் எழுதுகிறவனிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்று ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை!

விஷயம் இதுதான். கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் இல்லாமல் கார் ஓட்டினால் அபராதம். சாதாரண டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே போனால் விறைத்துப்போய் ரோட்டைப் பிடிக்காது. அதனால் வீட்டுக்கு வீடு, கடைக்காரர் டயரை ஏற்றிக்கொடுத்த இன்னொரு செட் சக்கரத்தை அப்படியே கராஜில் அடுக்கி வைத்திருப்பார்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை மாற்ற வேண்டும். கூலி அதிகம் என்பதால் பலர் தாங்களே செய்துகொள்கிறார்கள். பெரிய வித்தை ஒன்றுமில்லை. சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை லேசாக இளக்கிவிட்டு, அப்புறம் ஜாக்கி. மாட்டும்போது வரிசையாக முறுக்காமல், எதிரும் புதிருமாக, நட்சத்திரக் கோலம் போடுகிற மாதிரி முறுக்கணும். வண்டியை இறக்கிய பிறகு, கம்பெனி புத்தகத்தில் போட்டிருக்கும் அளவுக்குக் கடைசி முறுக்கு. கொஞ்ச தூரம் ஓடியதும் இன்னொரு தடவை சரிபார்ப்பது நல்லது.

நண்பர் இதையெல்லாம் செய்துவிட்டார். கோளாறு சென்ஸாரில். ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளேயும், வால்வின் அடிப்பக்கத்தில் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி இருக்கிறது. சக்கரம் சுழலும்போது உள்ளே இருக்கிற காற்றழுத்தத்தை அளந்து, ரேடியோ அலையில் காருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி நம்பர். கோடைச் சக்கரத்தின் நான்கு நம்பரையும் மனப்பாடம் செய்து வைத்திருந்த கார், புதுசாக வந்த நான்கு பேரை ''நீங்க யாரு?'' என்று கேட்டது. அதுதான் மஞ்சள் விளக்கு! புது நம்பர்களைக் காருக்குக் கற்றுக்கொடுத்ததும் அணைந்துவிட்டது.

சரி, இதில் சரித்திரம் எங்கே வந்தது? முத்துக்குளித்துறைக்கும் டயருக்கும் என்ன சம்பந்தம்?

இருக்கிறது. காருக்குப் பொதுவாக முப்பது பவுண்டு காற்று அடிக்கிறோம் இல்லையா? அதே முப்பது பவுண்டு அழுத்தம் கடலில் எவ்வளவு ஆழத்தில் கிடைக்கும் தெரியுமா? சுமார் 20 மீட்டரில். முத்துச்சிப்பி விளைகிற திட்டுகளை அங்கே 'பார்' என்பார்கள். தூத்துக்குடிக்கு எதிரே உள்ள பார்கள் பலவும் 10 முதல் 20 மீட்டர் ஆழத்தில் இருப்பவை. ஆக, உங்கள் டயருக்குள் காற்று எந்த அளவுக்கு நெருக்கப்பட்டிருக்கிறதோ, அதே அளவுக்கு முத்துக் குளித்தவனின் நெஞ்சுக்குள்ளும் காற்று நெருங்கிக் கிடந்தது! மேலே முழுசாக இழுத்த மூச்சு, அந்த ஆழத்தில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்.

காலை ஒரு கல்லில் வைத்துக்கொண்டு சரசரவென்று இறங்குவான். கழுத்தில் வலைப்பை. ஒரு நிமிஷம், மிஞ்சிப்போனால் கொஞ்சம் கூட. அதற்குள் கைக்குக் கிடைத்த சிப்பிகளை அள்ளிப்போட்டுக்கொண்டு கயிற்றை ஓர் இழுப்பு இழுப்பான். தோணியில் இருப்பவன் மளமளவென்று தூக்க வேண்டும். ஒரு கணம் அசந்தால் போச்சு. அதனால்தான் கயிறு பிடிக்கிற வேலையை மச்சானிடம் கொடுப்பார்கள் என்று அந்தக் கடற்கரையில் சொல்வதுண்டு. அண்ணன் தம்பி என்றால் சொத்து ஆசை வரலாம். மச்சானுக்கோ, கூடப்பிறந்தவளின் தாலியே அந்தக் கயிற்றில்தான் தொங்குகிறது! எனக்குத் தெரிந்து உலகத்தின் மிகப் பழைய சென்ஸார் அந்தக் கயிறுதான்.

மார்க்கோபோலோ 13-ம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கரைக்கு வந்து, முத்துக்குளியலைப் பற்றி எழுதி வைத்தார். அப்புறம் போர்ச்சுக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று முத்துக்குக் கணக்கு எழுதியவர்கள்தான் மாறினார்கள். இறங்கியவனுக்கு அதே கல், அதே கயிறு.

கடலின் இன்னொரு பக்கம் போவோம். 1840-களில் நியூயார்க்கில் அகஸ்ட் ஷ்ரேடர் என்ற ஜெர்மானியர் ஒரு சின்னக் கடை வைத்திருந்தார். ரப்பர் மிதவைகளுக்குப் பித்தளை வால்வு செய்து கொடுப்பது தொழில். பிறகு ஆழ்கடலில் இறங்குகிறவர்களுக்குத் தாமிரத் தலைக்கவசம் செய்ய ஆரம்பித்தார். மேலேயிருந்து பம்ப் அடிக்கிற காற்று கவசத்துக்குள் போக வேண்டும், திரும்பி வந்துவிடக் கூடாது. ஒரு நூல் பிசகினால் உள்ளே இருப்பவன் காலி!

1888-ல் பெல்ஃபாஸ்ட் நகரில் மாட்டு வைத்தியர் ஜான் டன்லப், தன் பையனுடைய மூன்று சக்கர சைக்கிளுக்குக் காற்றடைத்த ரப்பர் குழாயைச் சுற்றினார். (1840-களிலேயே ஸ்காட்லாந்தின் தாம்சன் இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ரோடும் காரும் இல்லாத காலத்தில் யார் சீந்துவார்கள்?) டயர் பிரபலமானதும், காற்றை உள்ளே விட்டு வெளியே விடாத ஒரு வால்வு தேவைப்பட்டது. கடலுக்கடியில் அதே பிரச்னையைப் பார்த்த குடும்பம் விடுமா? ஷ்ரேடரின் மகன் ஜார்ஜ் செய்தார். 1893-ல் காப்புரிமை. உங்கள் காரில், பைக்கில் மூடியைத் திருகினால் தெரிகிறதே, அதேதான்.

அழுத்தத்தைத் தானே அளந்து சொல்கிற ஏற்பாடு 1986-ல் போர்ஷே 959 காரில் வந்தது. பணக்காரர் விளையாட்டாகவே இருந்திருக்கும். 2000-ம் ஆண்டு அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் டயர்கள் ஓடும்போதே பிரிந்து, ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகள் உருண்டன. 250-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதே வருஷம் சட்டம் வந்தது. அப்புறம்தான் இந்தக் கருவி எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயமானது. 2014-க்குள் ஐரோப்பாவிலும். இந்தியாவில் 2020-ல் விதி திருத்தப்பட்டது. இந்தக் கருவியும் டியூப்லெஸ் டயரும் ஒட்டும் சாமானும் இருந்தால் ஸ்டெப்னி இல்லாமலே கார் விற்கலாம்.

சென்ஸாரைச் செய்து குவித்த பெரிய கம்பெனிகளில் ஒன்று, ஷ்ரேடர் எலக்ட்ரானிக்ஸ்! அதன் தொழிற்சாலை இருந்த ஆன்ட்ரிம், பெல்ஃபாஸ்டிலிருந்து கூப்பிடு தூரம்.

ஜனவரியில் நண்பரிடமிருந்து மறுபடியும் போன். மறுபடியும் விளக்கு. இந்தத் தடவை அது பொய் சொல்லவில்லை. வெப்பம் ஐந்தாறு டிகிரி இறங்கினால் டயரில் ஒரு பவுண்டு குறையும். 20 டிகிரி கராஜில் அடித்த 33 பவுண்டு, மைனஸ் 20-ல் 27-க்கு வந்து நிற்கும். அதோடு ஒரு சக்கரத்தில் மெல்லிய கசிவு வேறு. பார்த்தால், பனி உருகுவதற்காக ரோட்டில் கொட்டுகிற உப்பு வேலையைக் காட்டியிருக்கிறது. சென்ஸாரின் வால்வுத் தண்டு அலுமினியம். அதற்குள் நிக்கல் பூசிய பின் போட வேண்டும். வெறும் பித்தளை பின் போட்டால், உப்புத் தண்ணீர் பட்டு அலுமினியம் அரித்து, கடைசியில் இரண்டு உலோகமும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும்.

''உப்பு என்ன செய்யும்னு எனக்கே இன்னொருத்தன் சொல்லணுமா, அண்ணாச்சி!'' என்று சிரித்தார். நாட்டின் உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த ஊர்க்காரர் ஆச்சே!

பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். ''நம்ம ஊர்ல பயலுவ கம்ப்ரஸர் வச்சு இறங்குதானுவளே, அவனுவளுக்கு இப்படி ஒரு விளக்கு கிடையாதா?''

தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-ல். அதன் பிறகு சங்குதான் பிழைப்பு. மூச்சடக்கிக் குளித்த காலம் போய், பங்ச்சர் கடையில் டயருக்குக் காற்றடிக்கிற அதே ஜாதி கம்ப்ரஸரைப் படகில் வைத்து, நீளமான குழாயை வாயில் கவ்விக்கொண்டு இறங்குகிறவர்கள் வந்தார்கள். தாத்தாவுக்கு ஒரு நிமிஷம் என்றால் பேரனுக்கு மணிக்கணக்கு. ஆபத்தும் அங்கேதான். அழுத்தத்தில் சுவாசிக்கிற காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்தில் கரைகிறது. சட்டென்று மேலே வந்தால், மூடி திறந்த சோடா பாட்டில் மாதிரி உடம்புக்குள் பொங்கும். மூட்டு முடங்கும், கால் விழும், உயிரும் போகும். இன்ஜின் புகை குழாயில் ஏறினால் அது வேறு. எத்தனை ஆழம், எத்தனை நேரம், எந்த வேகத்தில் ஏறலாம் என்று சொல்கிற கைக்கடிகாரம் மாதிரியான கருவி இருக்கத்தான் செய்கிறது. உல்லாசத்துக்காக முக்குளிப்பவர்கள் கட்டிக்கொள்கிறார்கள்.

இதைச் சொன்னேன். ''அப்ப மேல குழாயைப் பாத்துக்கிட்டு இருக்கவன்தான் விளக்கு'' என்றார் நண்பர்.

''ஆமா.''

''எங்க தாத்தாவுக்குக் கயிறு பிடிச்சது எங்க ஆச்சியோட தம்பி'' என்று சொல்லிவிட்டு போனை வைத்தார்.