சிவப்புச் சக்கரம்

1945-ல் உலகப்போர் முடிந்து ஊர் திரும்பிய கலிஃபோர்னியா இளைஞர்களிடம் காசு கம்மி. வேக வெறி அதிகம். பழைய ஃபோர்டு காரை வாங்கி, மட்கார்டைக் கழற்றிப் போட்டு, எஞ்சினில் கைவைத்து, வறண்ட ஏரிப் படுகைகளில் பறந்தார்கள். போருக்கு முன்பே தொடங்கிய பைத்தியம்தான். 'ஹாட் ராட்' என்று பெயர். (1948 ஜனவரியில் அதே பெயரில் பத்திரிகையே வந்துவிட்டது!)

சக்கரம்? காயலான் கடையில் கிடைத்த இரும்பு டிஸ்க்தான். துருவைச் சுரண்டிச் சிவப்பு எனாமல் அடித்தால் ஆச்சு. கறுப்பு உடம்பு, சிவப்புச் சக்கரம், நடுவே பளபளக்கும் சின்ன மூடி... கையில் காசில்லாததால் பிறந்த அழகு!

இன்று அந்தக் கார்களைப் புதுப்பிக்கிறவர்களில் பலர் பவுடர் கோட்டிங்குக்குப் போகிறார்கள். உலர்ந்த தூளுக்கு மின்னூட்டம் ஏற்றித் தெளித்தால், அது இரும்பில் அப்பிக்கொள்ளும். சுமார் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் வாட்டினால் உருகிக் கெட்டிப்படும். கல் பட்டாலும் லேசில் பெயராது. ஆனால் படலம் தடிமன். நட்டு உட்காரும் இடத்தில் படிந்துவிட்டால் வம்பு. ஓட ஓட நசுங்கி, நட்டு இளகும். சக்கரம் கழன்று ஓடினால் உயிருக்கே உலை! அந்த ஐந்து ஓட்டைகளைச் சுற்றி மறைத்துவிட்டுத்தான் தெளிக்க வேண்டும்.

பழைய பக்தர்களோ, "எனாமலே போதும். கீறல் விழுந்தால் பிரஷ்ஷால் நாமே தொட்டுவிடலாமே" என்கிறார்கள். என் ஓட்டும் அவர்களுக்குத்தான்.