தேதியைத் தராத நீதி

பெரியப்பாவுக்கு வேலை திரும்பக் கிடைத்த அன்று எங்கள் தெருவில் கேசரி கிண்டினார்கள். அரசு அலுவலகம் ஒன்றில் கிளார்க்காக இருந்தவர். செய்யாத கையாடலுக்கு செவன்டீன் பி போட்டு வெளியே அனுப்பியிருந்தார்கள். ஆறு வருஷம் கேஸ். அந்த ஆறு வருஷமும் பெரியம்மாதான் களையெடுத்தும் நடவு நட்டும் கஞ்சி ஊற்றினார். கடைசியில் குற்றம் நிரூபிக்கப்படவில்லை, பணியில் சேர்த்துக்கொள்ளலாம் என்று உத்தரவு வந்தது. ஊரே சந்தோஷப்பட்டது. பெரியப்பா மட்டும் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேலையக் குடுத்துட்டானுவ. தேதியக் குடுக்கல."

எனக்கு அப்போது விளங்கவில்லை. எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். அவர்தான் சொன்னார்: சேரும் நாளிலிருந்துதான் கணக்கு, நடுவில் போன ஆறு வருஷம் சீனியாரிட்டியில் வராது. அவரிடம் நோட் போடக் கற்றுக்கொண்ட பையன்கள் சூப்பிரண்டாகி உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் ஃபைலை நீட்டிக்கொண்டு நின்றார் பெரியப்பா. "அதான் ஜெயிச்சிட்டியேப்பா, அப்புறம் என்ன?" என்று கேட்டவர்களுக்கு அவர் பதில் சொன்னதில்லை.

அதே வருஷம் ஒப்பிலக்கிய வகுப்பில் எமிலி ஜோலா பாடம். பிரெஞ்சு ராணுவத்தில் டிரைஃபஸ் என்ற யூத அதிகாரி, பொய்யான தேசத்துரோகக் குற்றச்சாட்டு, தீவுச் சிறை, எழுத்தாளர் ஜோலா பேனாவை எடுத்தார், 1906ல் நீதி வென்றது. பேராசிரியர் அத்தோடு புத்தகத்தை மூடிவிட்டார். நானும் பரீட்சையில் அப்படியே எழுதி மார்க் வாங்கினேன். பல வருஷம் கழித்து அந்த வரலாற்றை முழுசாகப் படித்தபோதுதான் நீதி வென்றதாகச் சொல்லப்படுவதற்கு மறுநாள் நடந்தது தெரிந்தது. பெரியப்பாவின் சொல் அங்கேயும் இருந்தது. ஜோலாவைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுத வந்தது அந்த மறுநாளைப் பற்றி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஆல்ஃப்ரட் டிரைஃபஸ் ஏழையல்ல. 1859ல் அல்சாஸ் பகுதியில் முலூஸ் நகரத்து மில் முதலாளி வீட்டில் பிறந்தவர். அவர் நேசித்த ராணுவம் ஆப்பிரிக்காவையும் இந்தோசீனாவையும் அடிமைப்படுத்திய ராணுவம். அவரை நம் ஆளாக்கிக் கொண்டாட வேண்டியதில்லை. ஆனால் பிறப்பைப் பார்த்துத் தகுதியை அளக்கும் நிர்வாகம் எப்படி வேலை செய்யும் என்பதை அவர் கதையைப் போலத் தெளிவாகக் காட்டுவது குறைவு.

அந்தக் கதை கைதோடு தொடங்கவில்லை, ஒரு மார்க்கில் தொடங்குகிறது. 1889ல் டிரைஃபஸ் கேப்டன் ஆகிறார். பிறகு உயர் போர்க் கல்லூரியில் சேர்ந்து 1892ல் ஒன்பதாவது இடத்தில் தேறுகிறார். நியாயமாக இன்னும் மேலே வந்திருக்க வேண்டியவர். தேர்வுக் குழுவில் இருந்த ஒரு ஜெனரல் யூத அதிகாரிகளுக்கு வேண்டுமென்றே மார்க்கைக் குறைத்தார். தலைமைத் தளபதி அலுவலகத்தில் யூதர்கள் வேண்டாம் என்பது அவர் கொள்கை. புகார் கொடுத்தார்கள். கல்லூரித் தலைவர் வருத்தப்பட்டார், ஆனால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். நேர்முகத் தேர்வில் உட்கார்ந்துவிட்டு வந்த நம் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டுமா என்ன?

1894 அக்டோபரில் கைது. ஜெர்மனிக்கு ராணுவ ரகசியம் விற்றார் என்று குற்றச்சாட்டு. ஆதாரம் ஒரு துண்டுக் கடிதம், கையெழுத்து ஒத்துப்போகிறதாம். அது போதாதென்று ரகசியக் கோப்பு ஒன்றை, அவருக்கும் அவர் வக்கீலுக்கும் காட்டாமல், நீதிபதிகள் கையில் கொடுத்தார்கள். டிசம்பர் 22ல் ஆயுள் தண்டனை. 1895 ஜனவரி 5ல் பாரிஸ் ராணுவப் பள்ளி முற்றத்தில் படை வரிசைகள் நடுவே அவரை நிறுத்திப் பட்டைகளைப் பிய்த்தார்கள், பொத்தான்களை அறுத்தார்கள், வாளை இரண்டாக ஒடித்தார்கள். அவர் "நான் நிரபராதி" என்று கத்திக்கொண்டே நடந்தார். வெளியே கூட்டம் யூதர்களுக்குச் சாவு கேட்டுக் கூச்சல் போட்டது.

பிறகு தென்னமெரிக்கக் கரையோரம், பிரெஞ்சு கயானாவில் டெவில்ஸ் தீவு. அதற்கு முன்பு தொழுநோயாளிகளை ஒதுக்கி வைத்திருந்த இடம். காவலர்கள் அவரோடு ஒரு வார்த்தை பேசக்கூடாது. தப்பிவிட்டார் என்று ஒரு பத்திரிகை பொய்ச் செய்தி போட்டதும், 1896ல் இரவுகளில் காலைக் கட்டிலோடு சேர்த்து விலங்கிட்டார்கள். கடல் கண்ணில் படாதபடி வேலி எழுப்பினார்கள். நாலு வருஷத்துக்கு மேல் அந்தத் தீவில்.

வெளியே மனைவி லூசியும் அண்ணன் மத்தியூவும் ஓய்வில்லாமல் அலைந்தார்கள். 1896ல் பெர்னார் லஸார் என்ற யூத எழுத்தாளர் முதல் பிரசுரத்தை பிரஸ்ஸல்ஸில் அச்சிட்டார். ஜோலாவின் புகழ்பெற்ற கடிதம் வருவது 1898 ஜனவரி 13ல். லஸார் முந்திக்கொண்டவர், ஆனால் பாடப்புத்தகத்தில் இல்லை. தீர்ப்பைப் பார்க்காமலே 1903ல் செத்துப்போனார். பாதிக்கப்பட்டவர்களின் சொந்தக் குரல் முதலில் எழும், வரலாற்றில் கடைசியாகக்கூட வராது.

ராணுவத்துக்குள்ளே உண்மையைக் கண்டவர் லெப்டினன்ட் கர்னல் பிக்கார். உளவுப் பிரிவின் தலைவராக இருந்தவர். கடிதத்தை எழுதியது எஸ்டெர்ஹாஸி என்ற மேஜர் என்று 1896லேயே கண்டுபிடித்தார். மேலதிகாரிகள் அவரைத் துனீசியாவுக்குத் துரத்தினார்கள், பிறகு பதவி பறித்துச் சிறையிலும் போட்டார்கள். யூதர்கள்மேல் நல்ல அபிப்பிராயம் இல்லாதவர்தான். இருந்தும் பொய்க்குத் துணைபோக மறுத்தார். அந்த நேர்மையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

1899ல் ரென் நகரத்தில் மறுவிசாரணை. மறுபடியும் குற்றவாளி என்று தீர்ப்பு, ஆனால் "தணிக்கும் சூழ்நிலை"களோடு பத்து வருஷம்! தேசத்துரோகத்துக்குத் தணிக்கும் சூழ்நிலை என்ன இருக்க முடியும்? பத்தே நாளில் ஜனாதிபதி மன்னிப்புக் கொடுத்தார். செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு. 1900 டிசம்பரில் எல்லோருக்குமான பொதுமன்னிப்புச் சட்டம். பொய்க் கோப்பு நுழைத்தவர்களும் அதில் தப்பினார்கள். ரகசியக் கோப்பை அனுப்பிவைத்த யுத்த அமைச்சர் மெர்சியே 1920 வரை செனட்டராகவே இருந்தார். அவருடைய எந்தத் தேதியும் குறையவில்லை.

1906 ஜூலை 12ல் உச்ச நீதிமன்றம் ரென் தீர்ப்பை ரத்து செய்தது. டிரைஃபஸ் நிரபராதி. என் வகுப்பறையில் கதை முடிந்த இடம் இதுதான்.

மறுநாள் ஜூலை 13. நாடாளுமன்றம் இரண்டு சட்டங்களை நிறைவேற்றியது. ஒன்றில் டிரைஃபஸ் மேஜர் அந்தஸ்தில் ராணுவத்தில் மீண்டும் சேர்க்கப்பட்டார். இன்னொன்றில் பிக்கார் பிரிகேடியர் ஜெனரலாகச் சேர்க்கப்பட்டார். பதவிப் பெயர்களைப் பார்த்தால் போதாது, தேதிகளைப் பாருங்கள். பிக்காரின் பதவிக்கு 1903 ஜூலை 10 என்று முன்தேதி போட்டார்கள். மூன்று வருஷம் பின்னால் கொண்டுபோய் அவர் இழந்த காலத்தைக் கணக்கில் சேர்த்தார்கள். டிரைஃபஸின் பதவி அன்றைய தேதியிலிருந்து. தீவில் விலங்கோடு கிடந்த வருஷங்கள் பணிமூப்பில் இல்லை.

ராணுவத்தில் தேதி என்றால் என்ன என்று நம் அலுவலகங்களை வைத்தே புரிந்துகொள்ளலாம். ஒரே அந்தஸ்தில் இருக்கிற இரண்டு பேரில் முன்தேதி உள்ளவர் மேலே. அடுத்த படிக்குப் போக இந்தப் படியில் இத்தனை வருஷம் கழித்திருக்க வேண்டும். வயது வரம்பு வேறு துரத்தும். 1889லேயே கேப்டனான மனிதர், 46 வயதில், மேஜர்களின் பட்டியலில் கடைசி ஆளாக நிற்கிறார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் தாண்டிப் போய்விட்டார்கள். தளபதி ஆகும் கதவு அந்த ஒரு தேதியிலேயே அடைபட்டுவிட்டது. சத்தம் கிடையாது, வாளை ஒடிக்கிற சடங்கு கிடையாது. கூட்டமும் கூடவில்லை. ஒரு வரிதான்.

பிக்காரோ அந்த முன்தேதியின் பலத்தில் அதே வருஷம் அடுத்த படிக்கும் ஏறி, அக்டோபரில் கிளெமென்சோ மந்திரி சபையில் யுத்த அமைச்சரும் ஆனார். டிரைஃபஸ் தன் தேதியைத் திருத்தித் தரும்படி கேட்டார். கேட்டது ஜோலாவின் எதிரிகளிடமல்ல, தனக்காகச் சிறை போன பிக்கார் நடத்திய அமைச்சகத்திடம். திருத்தம் கிடைக்கவில்லை.

இந்த இடத்தில் நான் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டேன். அநியாயத்தை எதிர்த்த மனிதர் என்றால் சரி, அவருக்கு மரியாதை உண்டு. ஆனால் நமக்காகப் பேசியவரின் தியாகத்துக்கு மூன்று வருஷ முன்தேதி, அடிபட்டவனுக்கு "அதான் ஜெயிச்சிட்டியே, அப்புறம் என்ன?" குரல் கொடுத்தவர் அமைச்சராகலாம். யாருக்காகக் குரல் கொடுத்தாரோ அவர் நன்றியோடு பேசாமல் இருக்க வேண்டும். மேலே கேட்டால் பேராசைக்காரன் என்பார்கள்.

டிரைஃபஸ் 1907ல் ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியேறினார். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. 1908ல் ஜோலாவின் உடலை பாந்தியோனுக்கு மாற்றிய சடங்கில் ஒரு பத்திரிகையாளன் அவரைச் சுட்டான். கையில் காயம். சுட்டவனை ஜூரிகள் விடுதலை செய்தார்கள். 1914ல் யுத்தம் வந்தபோது அதே ராணுவத்தில் ரிசர்வ் அதிகாரியாகப் பணிக்குத் திரும்பினார், 1917ல் போர்முனைக்கும் போனார். 1918ல் லெப்டினன்ட் கர்னல். அவ்வளவுதான். 1935 ஜூலை 12ல் பாரிஸில் இறந்தார். நிரபராதி என்று தீர்ப்பு வந்து சரியாக 29 வருஷம். அவருடைய பேத்தி மதலின் லெவி நாஜி எதிர்ப்பு இயக்கத்தில் இருந்து, 1944ல் ஆஷ்விட்ஸில் உயிரை விட்டார்.

ராணுவத்தின் பிடிவாதம் அதற்கு அப்புறமும் போகவில்லை. 1980களில் டிரைஃபஸுக்குச் சிலை செய்தார்கள். பட்டை பிய்த்த அதே பள்ளி முற்றத்தில் வைக்கலாம் என்றதற்கு ராணுவம் ஒத்துக்கொள்ளவில்லை. 1994ல் ராணுவத்தின் வரலாற்றுப் பிரிவு வெளியிட்ட கட்டுரை, அவர் நிரபராதி என்பதை வரலாற்றாசிரியர்கள் பொதுவாக ஏற்கும் ஒரு கருத்து என்று இழுத்து எழுதியது. அந்தப் பிரிவின் தலைவரை மாற்றினார்கள். தவறு நடந்தது என்று ராணுவத்தின் பேரில் ஒரு ஜெனரல் பொதுவில் ஒப்புக்கொண்டது 1995ல்தான். ஒரு கையெழுத்துப் பொய்யைப் பொய் என்று சொல்ல நூறு வருஷம்.

பதவி விஷயம் 2025 வரை வந்தது. ஜூன் 2ல் பிரெஞ்சு தேசிய சட்டமன்றத்தில், வாக்களித்த 197 பேரும் ஆதரித்து, டிரைஃபஸை இறப்புக்குப் பின் பிரிகேடியர் ஜெனரல் ஆக்கும் மசோதாவை நிறைவேற்றினார்கள். நவம்பர் 6ல் செனட். நவம்பர் 17ல் சட்டமாக வெளிவந்தது. இறந்து 90 வருஷம் கழித்து.

இந்தச் சட்டம் வீண் என்று நான் சொல்லவில்லை. 1906ன் கணக்கு தப்பு என்று ஒரு அரசு எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது, அது பெரிய விஷயம். 119 வருஷமாக "நீதி வென்றது" என்று படித்த கதையில் நீதி பாதிதான் வந்தது என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் செத்தவருக்குப் போட்ட நட்சத்திரத்தால் யாருக்கும் செலவில்லை. அந்தப் பதவியில் அவர் யாருக்கும் உத்தரவு போடப்போவதில்லை, எந்த மெர்சியேயின் முன்னாலும் நிமிர்ந்து நிற்கப்போவதில்லை. உயிரோடு இருந்து கேட்டபோது முடியாது என்று சொன்னதுதான் அவர் வாழ்க்கை.

பெரியப்பா ஓய்வு பெறும்போதும் கிளார்க்தான். பென்ஷன் புத்தகத்தில் ஆறு வருஷம் குறைவு. திருத்தம் கேட்டு அவர் எழுதிய மனுக்களின் கார்பன் காப்பிகள் எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன, எண்ணினேன், பதினொன்று. எல்லாவற்றிலும் கடைசி வரி ஒன்றே: இன்ன தேதி முதல் கணக்கிட்டு ஆணையிட வேண்டுகிறேன்.

தோழர்களே, மனு எழுதிக் கொடுக்கிறோம், கேஸ் நடத்துகிறோம், ஜெயிக்கவும் செய்கிறோம். மாலை போடுவதற்கு முன்னால் உத்தரவைக் கடைசி வரி வரைக்கும் படியுங்கள். எந்தத் தேதியிலிருந்து என்று பாருங்கள். நடுவில் போன காலத்தைப் பணிக்காலமாக எடுத்தார்களா என்று பாருங்கள். எடுக்கவில்லை என்றால் கேஸ் இன்னும் முடியவில்லை. கேசரி கிண்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.