இலவச டிவி: கணக்கில் வராத செலவு

இந்த முறை கணக்குப் பதிவியல் கலந்த ஒரு வரலாறு. பயப்படாதீங்க, ஜர்னல் என்ட்ரி எல்லாம் கிடையாது. நம்ம தமிழக அரசு வீடு வீடாகக் கொடுத்த கலர் டிவியைப் பற்றித்தான் பேசப் போறேன்.

முதலில் கொஞ்சம் பின்னணி. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15. அப்போது கருப்பு வெள்ளைதான். தூர்தர்ஷனின் தேசிய ஒளிபரப்பில் கலர் வந்தது 1982 ஆகஸ்ட் 15 அன்று. அதே ஆண்டு நவம்பரில் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி. அன்றைக்குக் கலர் டிவி என்பது வசதியான வீட்டின் அடையாளம்.

2006 தேர்தலில் தி.மு.க. ஏழைக் குடும்பங்களுக்குக் கலர் டிவி தருவதாக வாக்குறுதி கொடுத்து ஜெயித்தது. செப்டம்பர் 15 அன்று விநியோகம் ஆரம்பம். 14 அங்குலப் பெட்டிகள், எல்காட் மூலம் கொள்முதல். 2011-ல் ஆட்சி மாறித் திட்டம் நிற்பதற்குள் ஒன்றரைக் கோடிக்கும் மேல் கொடுத்துவிட்டார்கள். இதை எதிர்த்து சுப்பிரமணியம் பாலாஜி தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 ஜூலை 5-ல் தீர்ப்பு சொன்னது: தேர்தல் அறிக்கை வாக்குறுதியைச் சட்டப்படி ஊழல் நடவடிக்கையாகக் கொள்ள முடியாது, ஆனாலும் தேர்தல் ஆணையம் இதற்கு நெறிமுறை வகுக்க வேண்டும்.

வாதம் எல்லாமே வாங்கிய செலவைப் பற்றித்தான். பி.காம். பாஷையில் சொன்னால் அது மூலதனச் செலவு. வாங்கிய பொருளை ஓட வைப்பது வருவாய்ச் செலவு. முதலாவதை அரசு கொடுத்தது. இரண்டாவது? அது அந்தந்த வீட்டுக்காரர் தலையில்!

நல்லவேளை, பிக்சர் டியூப் டிவி ஏழைக்கு ஏற்ற பொருளாக இருந்தது. என்ன கோளாறு என்பதைத் திரையே காட்டிக் கொடுத்துவிடும். நடுவில் ஒரே ஒரு படுக்கைக் கோடு தெரிந்தால் வெர்டிகல் பகுதியில் சிக்கல். பல நேரம் சால்டர் விட்டுப்போயிருக்கும், இல்லாவிட்டால் ஐ.சி. மாற்ற வேண்டும். மூலையில் நிறத்திட்டு என்றால் காந்தம் ஏறியிருக்கிறது. பக்கத்தில் ஸ்பீக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியே உயிரில்லாமல் கிடந்தால் ஃபியூஸ், பவர் சப்ளை, லைன் அவுட்புட் டிரான்சிஸ்டர் என்று வரிசையாகத் தேடுவார்கள். டியூபே தேய்ந்தால் மட்டும் கதை முடிந்தது, ஏனென்றால் புது டியூப் வாங்குகிற காசு ஏறக்குறைய பெட்டியின் விலைக்கு வந்துவிடும்.

இந்தக் கைத்திறன் நம்ம ஊருக்குப் புதிதல்ல. ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்ய முடியும் என்று ஜி.டி. நாயுடு 1941-லேயே அறிவித்த கோயம்புத்தூர் இது. ரேடியோ பழகிய கைகள் டேப்ரிக்கார்டருக்குப் போயின, பிறகு டிவிக்கும் வந்தன. காலேஜ் படிக்காதவரும் மல்டிமீட்டரும் சால்டரிங் அயர்னும் வைத்துக் குடும்பம் நடத்தினார். ஆபத்தும் உண்டுங்க. டியூபுக்குப் போகும் மின்னழுத்தம் 20,000 வோல்ட்டுக்கும் மேல். சுவிட்சை அணைத்த பிறகும் அது டியூபில் தங்கியிருக்கும்.

எல்.இ.டி. டிவியில் பேனல் போனால் பல கடைகளில் "புதுசே வாங்கிக்குங்க" என்றுதான் பதில் வரும். பொருள் மலிந்தது, ரிப்பேர் அருகியது. தேய்மானம் கணக்குப் போடுகிற நாம் இதையும் யோசிக்க வேண்டாமா?

மூன்றாவதாக ஒரு செலவும் இருக்கிறது. பிக்சர் டியூப் கண்ணாடியில் ஈயம் உண்டு. மின்கழிவுக்கான விதிகள் 2012 மே மாதம்தான் அமலுக்கு வந்தன, அதாவது கடைசி இலவசப் பெட்டியும் வீடு போய்ச் சேர்ந்த பிறகு. பழைய இரும்புக் கடைக்குப் போகும் டிவியைச் செம்புக்கம்பிக்காக உடைப்பார்கள். கண்ணாடி குப்பைமேட்டுக்குப் போகும், ஈயம் மண்ணுக்குப் போகும். இந்தச் செலவை எந்த லெட்ஜரிலும் யாரும் எழுதவில்லை.

உங்கள் வீட்டுப் பரணில் அந்தப் பெட்டி இன்னும் கிடந்தால் தயவுசெய்து உடைக்கக் கொடுத்துவிடாதீர்கள். ரிப்பேர் ஆகுமா என்று பாருங்கள். ஆகாதென்றால் அங்கீகாரம் பெற்ற மின்கழிவு நிறுவனத்திடம் ஒப்படையுங்கள். இலவசமாக வந்ததுதான், ஆனால் இலவசமாகப் போகாது!