போர்ட்போ: ஒரு சாண் இடைவெளி

பார்சிலோனாவிலிருந்து வடக்கே போகும் சாதாரண ரயிலில் ஃபிகேரஸ் வரை உட்கார இடமில்லை. அங்கே டாலி மியூசியம் இருக்கிறது. கேமராவும் தொப்பியுமாக இருந்த கூட்டம் மொத்தமும் இறங்கிவிட்டது. அதற்கப்புறம் பெட்டியில் நானும், காய்கறிப் பையோடு ஒரு பாட்டியும், தூங்கிக்கொண்டிருந்த இரண்டு பையன்களும்தான். ஸ்பெயினின் கடைசி ஸ்டேஷன் போர்ட்போ. ஆயிரத்துச் சொச்சம் பேர் வாழ்கிற ஊர். ஆனால் இரும்பும் கண்ணாடியும் வேய்ந்த அந்த ரயில் நிலையத்துக்குள் ஊர் மொத்தத்தையும் கொண்டுவந்து நிறுத்திவிடலாம் போலிருந்தது.

இவ்வளவு சின்ன ஊருக்கு இவ்வளவு பெரிய ஸ்டேஷன் எதற்கு? 1844இல் ஸ்பானியப் பொறியாளர்கள் தண்டவாள அகலத்தை ஆறு காஸ்டீலிய அடி என்று முடிவு செய்தார்கள். பிரான்சில் 1435 மில்லிமீட்டர், இங்கே இன்றைய கணக்கில் 1668. வித்தியாசம் ஏறக்குறைய ஒரு சாண். பிரெஞ்சுப் படை ரயிலேறி வந்துவிடக் கூடாதென்ற பயம்தான் காரணம் என்று ஒரு கதை உண்டு. தேசபக்திக்கு ருசியான கதைதான். ஆனால் பொறியாளர்கள் யோசித்தது பெரிய கொதிகலனைப் பற்றி. காரணம் எதுவானாலும், 1878இல் பாதை எல்லையைத் தொட்டபோது இந்த ஒரு சாண் இரண்டு ஊர்களை உருவாக்கிவிட்டது. மலையைக் குடைந்த சுரங்கத்துக்கு இந்தப் பக்கம் போர்ட்போ, அந்தப் பக்கம் பிரான்சின் செர்பேர். மனிதர்கள் இறங்கி மாறி ஏற வேண்டும். சரக்கையோ யாராவது தூக்கி மாற்ற வேண்டும்.

வலென்சியாவின் ஆரஞ்சுப் பழங்களைச் செர்பேரில் ஒரு வண்டியிலிருந்து இன்னொரு வண்டிக்குக் கூடை கூடையாக மாற்றியவர்கள் பெண்கள். 1906இல் அவர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். ஐரோப்பாவின் 'ஒருங்கிணைந்த சந்தை' பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் இந்தக் கூடைகளிலிருந்து ஆரம்பித்திருக்கலாம். ஆரம்பிக்கவில்லை.

நான் இறங்கியதும் கூடைக்காரப் பெண்களைத் தேடி அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். கோட்பாடு வாசிக்கிற ஆட்கள் இங்கே வருவது ஒரே ஒரு மனிதருக்காக. வால்ட்டர் பெஞ்சமின் 1940 செப்டம்பர் 26 அன்று இந்த ஊரின் ஒரு விடுதி அறையில் இறந்தார். 48 வயது, பலவீனமான இதயம். யூதர், ஜெர்மன் குடியுரிமை பறிக்கப்பட்டவர். பிரான்சின் பன்யுல்ஸ் கடற்கரையிலிருந்து பிரனீஸ் மலையைக் கடக்க வழிகாட்டியவர் லிசா ஃபிட்கோ. பத்து நிமிடம் நடை, ஒரு நிமிடம் ஓய்வு என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து நடந்தாராம் மனிதர். கையில் ஒரு தோல்பை, அதற்குள் ஒரு கையெழுத்துப் பிரதி. தன் உயிரைவிட அது முக்கியம் என்று சொன்னதாக ஃபிட்கோ பின்னாளில் எழுதினார். அமெரிக்க விசா இருந்தது, ஸ்பெயினையும் போர்ச்சுகலையும் கடந்துபோகும் விசாக்கள் இருந்தன. பிரான்சைவிட்டு வெளியேறும் அனுமதி மட்டும் இல்லை. ஒரு தாள் குறைவு. திருப்பி அனுப்புவோம் என்றது ஸ்பானியப் போலீஸ். அன்றிரவு மார்ஃபின். அவரோடு வந்தவர்கள் பிறகு விடப்பட்டார்கள்.

மரணப் பதிவேடு மூளையில் ரத்தக்கசிவு என்கிறது. பெயரையும் குடும்பப் பெயரையும் திருப்பிப் போட்டு 'பெஞ்சமின் வால்ட்டர்' ஆக்கிவிட்டார்கள். அதனால் கத்தோலிக்கக் கல்லறையில், ஐந்து வருட வாடகைக்கு எடுத்த ஒரு மாடத்தில், இடம் கிடைத்தது. வாடகைக் காலம் முடிந்ததும் எலும்புகள் பொதுக்குழிக்குப் போயின. அவர் இறந்து சில மாதங்களுக்குப் பின் ஹன்னா ஆரெண்ட் வந்து தேடியபோதே அந்தப் பெயரில் கல்லறையே காணோம். நீதிமன்றப் பட்டியலில் தோல்பை, கடிகாரம், புகைக்குழாய், ஆறு புகைப்படம், ஓர் எக்ஸ்ரே, மூக்குக்கண்ணாடி எல்லாம் இருக்கின்றன. உள்ளடக்கம் தெரியாத சில காகிதங்களும். பிரதி கிடைக்கவே இல்லை. அது என்ன பிரதி என்று அடித்துக்கொள்ள ஓர் ஆய்வுத் தொழிலே கிளம்பியிருக்கிறது. அதற்குள் நான் போகவில்லை.

என்னைத் தொந்தரவு செய்தது வேறு. பெஞ்சமின் நடந்த அதே மலைப்பாதைக்கு 'லிஸ்டர் பாதை' என்று பெயர். லிஸ்டர் ஸ்பானியக் குடியரசுப் படையின் கம்யூனிஸ்டுத் தளபதி. ஒன்றரை வருடம் முன்பு, 1939 ஜனவரி 26இல் பார்சிலோனா பிராங்கோவிடம் விழுந்தபின், ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் இந்த எல்லையைத் தாண்டி வடக்கே ஓடினார்கள். குண்டுகள் பலமுறை விழுந்த ஊர் இது. ஆயுதம் வந்த ரயில்பாதை அல்லவா. 'மனித உரிமைகளின் தாயகம்' அவர்களை ஆர்ஷெலேஸ் கடற்கரை மணலில் முள்வேலி போட்டு வைத்தது. கூரைகூட இல்லை, பிப்ரவரிக் குளிர். ஃபாசிசத்துக்குத் தப்பி வடக்கே போனவர்களும் தெற்கே வந்தவர்களும் மிதித்தது ஒரே கல்லைத்தான். திசை மட்டும் மாறியது. கவிஞர் மச்சாதோ அந்தக் கூட்டத்தில் எல்லை தாண்டி, 1939 பிப்ரவரி 22இல் கோலியூரில் இறந்தார். மூன்று நாள் கழித்து அவர் தாயும். அவர் கல்லறைக்கு இன்றும் பூ வருகிறது, கடிதம் வருகிறது. மணலில் செத்தவர்களுக்கு?

கல்லறைக்குப் பக்கத்தில் 1994இல் தானி கரவான் அமைத்த நினைவுச்சின்னம் இருக்கிறது. துருப்பிடித்த இரும்புத் தாழ்வாரம் பாறைக்குள் இறங்கிக் கடலை நோக்கிப் போகிறது. படிகளில் இறங்கினால் தலை குத்துகிற மாதிரி கீழே நுரை. முடிவுக்கு முன்பே ஒரு கண்ணாடித் தடுப்பு. அதில் பெஞ்சமினின் குறிப்புகளிலிருந்து ஒரு வாசகம்; பெயரற்றவர்களின் நினைவைப் பற்றியது. நல்ல சின்னம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதைப் படிக்கவும் பெயருள்ள ஒருவர் இங்கே சாக வேண்டியிருந்தது. வேறொன்றும் தோன்றியது: பெயரைத் திருப்பி எழுதிய குமாஸ்தாவின் கையால் அவரும் கொஞ்ச காலம் பெயரற்றவர் ஆனாரே.

ஊரின் பிழைப்பு எல்லை. 1993இல் ஒற்றைச் சந்தை வந்தது, சுங்கத் தரகர்களுக்கு வேலை போனது. 1995இல் ஷெங்கன். 2010இல் உள்நாட்டு மலைக்கடியில் அதிவேகப் பாதை திறந்தது. இப்போது பாரிசின் அதிவேக ரயில் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. எல்லை ஒழிந்ததால் செத்த ஊர் என்று எழுதி முடிக்கலாமென்றால், எல்லை ஒழியவில்லை. 2015 நவம்பரில் பிரான்ஸ் சோதனையைத் திரும்பக் கொண்டுவந்து நீட்டித்துக்கொண்டே போனது. 2021 ஜனவரியில், பயங்கரவாதம், கள்ளக் குடியேற்றம் என்று காரணம் சொல்லி, பன்யுல்ஸ் கணவாய்ச் சாலையைப் பாறாங்கற்கள் வைத்து அடைத்தார்கள். 1939இல் அகதிகள் கடந்த அதே கணவாய். இரண்டு பக்கத்து ஊர்க்காரர்களும் கூடிக் கற்களை உருட்டித் தள்ளினார்கள். அரசு திரும்பக் கொண்டுவந்து வைத்தது. இவர்கள் திரும்பத் தள்ளினார்கள். சாலை திறக்க 2023 ஆனது.