மிஸ் ஷில்லிங்கின் துளை

பழைய போர்விமானங்களின் மேல் பித்துக் கொண்டவர்கள் நாலு பேர் கூடினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரு கட்டத்தில் ‘மிஸ் ஷில்லிங்ஸ் ஆரிஃபிஸ்’ என்ற பெயர் வந்தே தீரும். ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் விமானங்களின் எஞ்சினுக்குள் எரிபொருள் போகும் வழியில் பொருத்திய ஒரு சின்ன உலோக வில்லை அது. நடுவில் ஒரு துளை, அவ்வளவுதான். ஷில்லிங் என்றதும் பழைய பிரிட்டிஷ் காசு நினைவுக்கு வரும். பொருளும் ஓட்டைக் காசு போல இருப்பதால் பெயர் காசிலிருந்து வந்தது என்றே நினைக்கத் தோன்றும். உண்மையில் ஷில்லிங் என்பது ஒரு பெண்ணின் குடும்பப் பெயர். பியாட்ரிஸ் ஷில்லிங், 1909இல் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் பிறந்த எஞ்சின் பொறியாளர்.

முதலில் ‘ஆரிஃபிஸ்’. லத்தீனில் ‘ஓஸ்’ என்றால் வாய். அதோடு ‘செய்தல்’ என்ற பொருள் தரும் வினை சேர்ந்து பிறந்த சொல் இது. வாய்போல் திறந்திருக்கும் எதுவும் ஆரிஃபிஸ்தான். பொறியாளர்களுக்கு அது அளவெடுத்துப் போட்ட துளை. குழாயில் எவ்வளவு திரவம் ஓடுகிறது என்று கணிக்க நடுவே வைக்கும் துளைத்தகட்டுக்கும் இதே பெயர். மருத்துவர்களுக்கோ அது உடலின் வாசல். நம் சித்தர்கள் ஒன்பது என்று எண்ணிய வாசல்கள். விமானப்படை இளைஞர்கள் எந்தப் பொருளை மனத்தில் வைத்துச் சிரித்தார்கள் என்று விளக்க வேண்டியதில்லை. ஃபார்ன்பரோவில் இருந்த அரசு விமான ஆராய்ச்சி நிறுவனத்தின் பெயரால் ‘ஆர்.ஏ.இ. ரெஸ்ட்ரிக்டர்’ என்பதே முறையான பெயர். அதை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. கேலிப்பெயர்தான் நின்றது.

கேலிக்குப் பின்னால் இருந்த சிக்கல் உயிரைக் குடிக்கும் சிக்கல். 1940இல் பிரிட்டனின் முதன்மைப் போர்விமானங்கள் இரண்டிலும் இருந்தது ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லின் எஞ்சின்: பன்னிரண்டு சிலிண்டர், 27 லிட்டர். (மெர்லின் என்பது ஆர்தர் மன்னன் கதையின் மந்திரவாதி அல்ல, வல்லூறு இனத்துச் சிறு பறவை. அந்நிறுவனம் தன் பிஸ்டன் எஞ்சின்களுக்கு இரைகொல்லிப் பறவைகளின் பெயரை வைப்பது வழக்கமாக இருந்தது: கெஸ்ட்ரல், பெரெக்ரின், வல்ச்சர்.) எதிரியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109இல் இருந்தது டெய்ம்லர்-பென்ஸ் எஞ்சின். அதில் எரிபொருளை நேராகச் சிலிண்டருக்குள் பீச்சினார்கள். மெர்லினில் இருந்தது எஸ்.யூ. நிறுவனத்தின் மிதவைக் கார்பரேட்டர். பந்தயக் கார்களோடு பழகியவர்களுக்கு எஸ்.யூ. என்ற இரண்டெழுத்து நன்றாகத் தெரியும். ‘ஸ்கின்னர்ஸ் யூனியன்’ என்பதன் சுருக்கம் அது, எம்.ஜி., பென்ட்லி கார்களிலும் அவர்களுடைய கார்பரேட்டர்தான் இருந்தது.

மிதவைக் கார்பரேட்டர் வேலை செய்யும் விதத்தைச் சொன்னால்தான் துளையின் அருமை விளங்கும். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் மிதவைப் பந்து மேலே ஏறினால் குழாய் மூடிக்கொள்ளும், கீழே இறங்கினால் திறந்துகொள்ளும் அல்லவா, அதே ஏற்பாடுதான். புவியீர்ப்பு கீழ்நோக்கி இருக்கும்வரை குறை இல்லை. விமானி சட்டென்று மூக்கைத் தாழ்த்திப் பாய்ந்தால் எடை தலைகீழாகிறது. கலத்தில் இருந்த பெட்ரோல் கூரைக்கு எழும்ப, அடியில் இருக்கும் எரிபொருள் துளைகளான ஜெட்டுகள் வறண்டு எஞ்சின் ஒரு கணம் திணறும். அடுத்து வருவது அதைவிட மோசம். மிதவை அடிப்பக்கம் தள்ளப்படுவதால், கலம் காலி என்று எண்ணிக்கொண்டதுபோல் ஊசிவால்வு முழுதாகத் திறக்கும். பம்பு தன் வலிமை முழுவதையும் கொண்டு பெட்ரோலைத் தள்ளும். எஞ்சின் எரிபொருளில் மூழ்கி, கரும்புகை கக்கி, சக்தி இழந்துவிடும். ஜெர்மானிய விமானிகள் இதைக் கண்டுகொண்டார்கள். பின்னால் ஸ்பிட்ஃபயர் வந்தால் மூக்கைத் தாழ்த்திப் பாய்ந்து தப்பித்தார்கள். பிரிட்டிஷ் விமானி துரத்த வேண்டுமானால் முதலில் விமானத்தைப் பாதி புரட்டிக்கொண்டு, பிறகு பாய வேண்டும். அதற்குள் எதிரி தூரம் போயிருப்பான்.

கார்பரேட்டரை வைத்துக்கொண்டிருந்ததை ரோல்ஸ்-ராய்ஸின் அசட்டைத்தனம் என்று பலர் எழுதுகிறார்கள். அது அநியாயம். எரிபொருள், காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் சூப்பர்சார்ஜருக்கு முன்பே காற்றில் கலந்து ஆவியாகும்போது காற்று குளிர்கிறது, அடர்கிறது. அதே எஞ்சின் கூடுதல் சக்தி தருகிறது. தெரிந்தே ஒன்றை விட்டு ஒன்றைப் பெற்றார்கள். விட்டதன் விலை போர்க்களத்தில்தான் தெரிந்தது.

பியாட்ரிஸ் ஷில்லிங் அப்போது ஃபார்ன்பரோவில் இருந்தார். பதினான்கு வயதிலேயே மோட்டார் சைக்கிள் வாங்கிப் பிரித்து மாட்டியவர். மார்கரெட் பார்ட்ரிட்ஜ் என்ற பெண் மின்பொறியாளரிடம் தொழில் பழகி, மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1932இல் மின்பொறியியல் பட்டமும் பிறகு இயந்திரப் பொறியியலில் முதுநிலையும் பெற்றார். 1934இல் புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தில், தானே முடுக்கிய நார்ட்டன் வண்டியில் மணிக்கு 106 மைல் வேகத்தில் ஒரு சுற்று ஓட்டித் தங்க நட்சத்திரம் வாங்கினார். பந்தயத்தின்போது 100 மைலுக்கு மேல் ஒரு சுற்றை முடித்தவர்களுக்கே அந்தச் சின்னம். அதைப் பெற்ற பெண்கள் மூவரே. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புரூக்லண்ட்ஸ் வளாகத்துக்குள்ளேயே விமானக் கூடங்களும் இருந்தன. 1935 நவம்பரில் முதல் ஹரிக்கேன் மேலெழுந்தது அங்கிருந்துதான். அந்த நாளில் பந்தய எஞ்சினும் போர் எஞ்சினும் அவ்வளவு பக்கத்தில் இருந்தன. ஷில்லிங்கின் தீர்வு அந்தச் சூழலில் பழகிய மனத்திலிருந்து வந்தது என்றே நான் நம்புகிறேன். எஞ்சினை மாற்றி வடிவமைக்க நேரமில்லாதபோது ஒரு ஜெட்டை மாற்றிப் பந்தயத்தை ஓட்டி முடிக்கத் தெரிந்தவரின் தீர்வு அது.

முழுச் சக்தியில் எஞ்சினுக்கு உச்சமாக எவ்வளவு பெட்ரோல் வேண்டுமோ, அந்த அளவு மட்டும் போகும்படி துளையைக் கணக்கிட்டார். ஊசிவால்வு எவ்வளவு திறந்தாலும் சரி, பம்பு எவ்வளவு தள்ளினாலும் சரி, அதற்கு மேல் ஒரு சொட்டும் போகாது. வெள்ளம் நின்றது. முதலில் சிறு பித்தளைக் குப்பிபோல் செய்தார்கள். பிறகு தட்டையான வாஷராக எளிமைப்படுத்தினார்கள். எஞ்சினைக் கழற்ற வேண்டாம், விமானத்தைப் பணியிலிருந்து விலக்கவும் வேண்டாம். நிற்கிற இடத்திலேயே மாட்டிவிடலாம். 1941 மார்ச்சுக்குள் படைத்தளங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. சிறு குழுவோடு தளம் தளமாகப் போய் ஷில்லிங்கே அதைப் பொருத்த உதவினார்.

இங்கேதான் கேலிப்பெயரோடு ஒட்டிப் பரவிய பிழைகளைப் பிரித்தெடுக்க வேண்டியிருக்கிறது. இந்தத் துளைதான் ‘பிரிட்டன் போரை’ வென்று தந்தது என்று ஆர்வலர்கள் அடிக்கடி சொல்வார்கள். அந்த வான்போர் 1940 இலையுதிர் காலத்தோடு ஓய்ந்துவிட்டது. அதில் பறந்தவர்கள் துளையில்லாமலே, பாதி புரட்டிப் பாய்ந்தே சண்டையிட்டார்கள். தலைகீழாகப் பறப்பதை இது சாத்தியமாக்கியது என்பதும் தவறு. இரண்டாவதாக வந்த வெள்ளத்தைத்தான் இது தடுத்தது. முதல் கணத்து வறட்சி குறையாக நீடித்தது. அது முழுதாகத் தீர்ந்தது 1943இல் பென்டிக்ஸ் அழுத்தக் கார்பரேட்டர் வந்த பிறகுதான். பெயரின் முதல் சொல்லே தவறு: 1938இலேயே ஜார்ஜ் நேலரை மணந்து அவர் திருமதி நேலர் ஆகியிருந்தார். (நீயும் தங்க நட்சத்திரம் வாங்கி வந்தால்தான் கல்யாணம் என்று நேலருக்கு நிபந்தனை போட்டார் என்றொரு கதை உண்டு.)

இந்தத் திருத்தங்களால் அவருடைய பெருமை குறைந்துவிடாது, கூடும். போரின் நடுவே, இருக்கும் எஞ்சினை வைத்துக்கொண்டு, விமானியின் உயிரைக் காக்கும் இடைக்காலத் தீர்வு எது என்று சரியாகக் கண்டது பெரிய பொறியியல். போருக்குப் பின் ஈர ஓடுதளங்களில் விமான பிரேக் பிடிக்கும் விதத்தை ஆராய்ந்தார். கணவரோடு சேர்ந்து கார்ப் பந்தயங்களில் ஓட்டினார். 1967இல் பந்தய ஓட்டுநர் டான் கர்னியின் ஈகிள் ஃபார்முலா ஒன் காரின் எஞ்சின் சூடேறும் சிக்கலுக்கு ஆலோசனை கேட்டு அழைத்தபோது அவருக்கு வயது 58. ஃபார்ன்பரோவில் 1969 வரை பணியாற்றினார். 1990இல் மறைந்தார். மேத்யூ ஃபிராய்டன்பர்க் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியிருக்கிறார்.

கேலிப்பெயரை இனி மாற்ற முடியாது. மாற்ற வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. அது இல்லாவிட்டால் எத்தனையோ பொறியாளர்களைப் போல இவரும் கோப்புகளுக்குள் மறைந்திருப்பார். ஆனால் அடுத்த முறை யாராவது குறும்புச் சிரிப்போடு அந்தப் பெயரைச் சொன்னால், பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற முழுப் பெயரையும் 1941 என்ற ஆண்டையும் தயவுசெய்து சேர்த்துச் சொல்லுங்கள்.